ஏப்ரன் கட்டாத லைனே

தாலின் நகரத்துப் பாட்டு விழாவுக்கு வரும்போதெல்லாம் லைனே தன் கணவர் ஹெல்துரின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். எந்த டிராம், எங்கே இறங்குவது என்பதெல்லாம் அவர் பாடு. இந்த ஜூலையில் அந்த முதுகு இல்லை. கூட்டத்தில் தன் பாட்டுக் குழுவைத் தவறவிட்டு, வந்த டிராமில் ஏறிவிட்டாள்.

"பாட்டு மைதானம் அந்தப் பக்கம்மா! இறங்கு, என்கூட வா" என்று கையைப் பிடித்து இழுத்தாள் வேறொரு குழுவில் பாடும் கிழவி எந்த்லா. சரியான டிராமில் உட்கார்ந்ததும் லைனேயை மேலும் கீழும் பார்த்தாள். கோடு போட்ட பாவாடை, தலையில் கல்யாணமானவர்கள் போடும் குல்லாய். எல்லாம் லைனேயின் பைஸ்து ஊர் வழக்கப்படிதான்.

"ஏம்மா, ஏப்ரன் எங்கே? கல்யாணமான பொம்பளை ஏப்ரன் கட்டாம விழா ஊர்வலத்துல நடப்பாளா? எங்க ஊர்னா வாசலைத் தாண்டவே விடமாட்டோம். மறந்துட்டு வந்துட்டியாக்கும்!"

டிராமே திரும்பிப் பார்த்தது.

"மறக்கலக்கா" என்றாள் லைனே. "விழாவுல எப்பவும் மழை வந்துடும். பாடுறதுக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் என் ஏப்ரன்லதான் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். வேற துணி ஆகாது அவருக்கு. மே மாசம் அவரைப் பெட்டியில வைக்கிறப்போ கண்ணாடியைப் போட்டுத்தான் அனுப்பினோம். அதான், ஏப்ரனையும் மடிச்சுக் கூடவே வெச்சுட்டேன்."

ஜன்னலில் தூறல் விழத் தொடங்கியது. கண்ணாடி துடைக்க ஹெல்துர் ஏப்ரன் நுனியை எடுக்க வசதியாக, பழக்கத்தில் லைனே மடியிலிருந்த கைகளை விலக்கிக்கொண்டாள்.