இரண்டு தட்டு

பஸ்ஸில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து, இரண்டு தட்டினால் கிளம்பு. பதினோரு வருஷமாக அந்தத் தட்டு என்னுடையது, ஸ்டியரிங் என் வீட்டுக்காரருடையது. நான் கண்டக்டர், அவர் டிரைவர். டிப்போவில் அவருக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாத மனுஷன்.

லீவு நாளில் என் தம்பியின் காரை வாங்கிக்கொண்டு வந்து, “வா, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்” என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மலைப்பக்கம் போவார் என்று பார்த்தால், வண்டி கடற்கரை ரோட்டில் திரும்பியது. எங்கள் ரூட். தினமும் நான்கு தடவை போய் வருகிற அதே ரோடு!

“ஏங்க, உங்களுக்கு வேற ரோடே கிடைக்கலையா? லீவு போட்டுட்டு டூட்டி பார்க்க வந்திருக்கோமா?”

“நீ என்னைக்காவது இந்தக் கடலைப் பார்த்திருக்கியா? எந்நேரமும் டிக்கெட்டு, சில்லறை. இன்னைக்காவது பாரு.”

உண்மைதான். பஸ்ஸில் ஆட்களின் முகத்தைத்தான் பார்ப்பேன். ஜன்னலுக்கு வெளியே நீலமாக ஏதோ ஓடும், அவ்வளவுதான். அன்றைக்குத்தான் பார்த்தேன். கவிழ்த்துப் போட்ட படகுகள், ஆள் அரவமே இல்லாத மணல், தூரத்தில் வெள்ளைக் கலங்கரை விளக்கம். இத்தனை அழகைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் சில்லறைக்குச் சண்டை போட்டேன் என்று வயிறு எரிந்தது.

ஒன்றுதான் உறுத்தியது. ஒரு வாரமாக மனுஷன் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். குளிக்கும்போது, சாப்பிடும்போது, இப்போது வண்டி ஓட்டும்போதும். கேட்டால் ‘ஒண்ணுமில்ல’. வயசானதால் பக்தி முற்றிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன்.

கலங்கரை விளக்கத்தடியில் நிறுத்தினார். அதுவும் எங்கள் ஸ்டாப்தான். நான் மட்டும் இறங்கிப் போய்த் தண்ணீரில் கால் நனைத்துவிட்டு, பாதமெல்லாம் மணலோடு திரும்பி வந்தேன். காரில் மணலைக் கொட்டினால் தம்பி பெண்டாட்டி என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். உட்கார்ந்து, குனிந்து காலைத் துடைத்தபடியே கதவைச் சாத்தினேன். சாத்திய கை, பழக்கதோஷம், ஜன்னலுக்கு வெளியே கதவில் இரண்டு தட்டு தட்டியது. வண்டி கிளம்பியது.

நிமிர்ந்தேன். பத்தடி முன்னால், சிவப்புக் குடையோடு ஒரு பெண் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை. பட்டப்பகல். இவர் முகம் நேராக அவள் பக்கம்தான் இருந்தது. கால் ஆக்சிலேட்டரை அழுத்திக்கொண்டிருந்தது.

கத்த வாய் வரவில்லை. கைதான் கதவில் ஓங்கி ஒரு தட்டு தட்டியது. அந்த நொடியே பிரேக். பம்பருக்கும் அவள் முழங்காலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது.

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்று அவள் அலறினாள். குழந்தை வீறிட்டது. நான் இறங்கி ஓடி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கையை உதறிவிட்டுத் திட்டிக்கொண்டே போனாள். திட்டட்டும். முழுசாகப் போகிறாளே, அது போதும்.

வண்டிக்குத் திரும்பியதும் அவர் கேட்டார். “யாரு அது? எந்தப் பக்கத்துல இருந்து வந்தா?”

“எந்தப் பக்கத்துல இருந்தும் வரலீங்க. உங்க மூஞ்சிக்கு நேரா நின்னா.”

எஞ்சினை அணைத்தார். அப்புறம், “நேரா பார்த்தா நடுவுல ஒரு புகை மாதிரி. ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது” என்றார்.

“எத்தனை நாளா?”

“ஏழெட்டு மாசம் இருக்கும்.”

“அடப்பாவி மனுஷா! அப்ப பஸ்ஸை எப்படி ஓட்டுனீங்க?”

“இந்த ரோடு எனக்குத் தெரியாததா? அதான் இன்னைக்கும் இதுல வந்தேன். அப்புறம் நீ இருக்கே. நீ ரெண்டு தட்டு தட்டினா முன்னாடி யாரும் இல்லேன்னு...”

“ஐயோ, ஆளு ஏறியாச்சுன்னுதாங்க அதுக்கு அர்த்தம்! நான் படிக்கட்டைத்தானே பார்க்கிறேன்! முன்னாடி யாரு நிக்கிறான்னு எனக்கு என்ன தெரியும்?”

மூன்றாவது ஸ்டாப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே ஓடுவது ஞாபகம் வந்தது. தினமும் காலையில் அங்கே நான் இரண்டு தட்டு தட்டியிருக்கிறேன்.

“திங்கக்கிழமை கண் டெஸ்ட்” என்றார். “அந்தப் பலகை எழுத்தையெல்லாம் ஒரு வாரமா மனப்பாடம் பண்ணிட்டேன். ரிட்டயர் ஆக ரெண்டே வருஷம்டி. இனிமே நீ முன்னாடியும் பார்த்துத் தட்டு. ஸ்டியரிங்கைப் பிடுங்கிட்டா நான் யாரு?”

“அந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தா நான் யாரு?”

சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். காரைத் தம்பி வந்து எடுத்துக்கொள்வான். கொஞ்ச நேரம் கழித்து அவரும் இறங்கி வந்து ஸ்டாப்பில் என் பக்கத்தில் நின்றார். அரைமணி நேரம் காத்திருந்தோம்.

எங்கள் ரூட் பஸ்ஸே வந்தது, அடுத்த ஷிப்ட்காரர்களோடு. கண்டக்டர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். “என்னண்ணே, கார் மக்கர் பண்ணிடுச்சா?”

ஆமாம் என்று சொன்னால் போதும், கதை முடிந்தது. இவர் அப்படிச் சொன்னால் நானே உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

“கார் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் கண்ணு தெரியல” என்றார், பஸ் முழுக்கக் கேட்கும்படி. “திங்கக்கிழமை டிப்போல சொல்லிடறேன்.”

கண்டக்டருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நாங்கள் உட்கார்ந்ததும் இரண்டு தட்டு தட்டினார்.

என் பக்கத்தில் இருந்தவரின் வலது கால் மெதுவாகத் தரையை அழுத்தியது. அடுத்த ஸ்டாப்பில் ஒரு தட்டு விழுந்தபோது மறுபடியும் அழுத்தியது. ஜன்னலுக்கு வெளியே கடல் வந்துகொண்டேதான் இருந்தது. நான் வீடு வரைக்கும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.