தொடங்கியவர் பெயர்

முதல் அடி விழுந்தபோது வெலிங்டனின் வாயில் மீன் சூப்பு இருந்தது. துப்பாக்கிக் கட்டை கன்னத்தில் இறங்கியதும் சூப்பும் இரத்தமும் ஒரு பல்லும் மேசைமேல் தெறித்தன. ஈக்வடாரின் துறைமுக நகரான குவாயாகிலில் பட்டப்பகலில் துப்பாக்கி புதிதல்ல. ஆனால் துறைமுகத்துக்குப் புரோகிராம் எழுதும் ஒரு கணினி அலுவலகத்துக்குள் புகுந்து, "பழைய புரோகிராம் எல்லாத்தையும் திறடா" என்று அடிப்பவர்களை அவன் இப்போதுதான் பார்த்தான்.

வந்தவர்கள் இருவர். மஞ்சள் பனியன்காரன் பேசினான், தடியன் அடித்தான்.

"துறைமுக கேட்டுல எங்க லாரியைச் சோதிக்காம விடுற மாதிரி எழுதி வெச்சிருந்தோம். நேத்து மாட்டிக்கிச்சு. எவன் கை வெச்சது?"

கை வைத்தவன் வெலிங்டன்தான். மூன்று லாரி எண்களுக்கு மட்டும் கேட் கண்ணை மூடிக்கொள்வதைப் போன வாரம் கண்டுபிடித்து, யாரையும் கேட்காமல் அந்த வரிகளை அழித்தான். நல்லது செய்கிறோம் என்ற திமிர்.

பக்கத்து மேசையில் இருந்த நார்சிசாவுக்கு அது தெரியும். கேட் புரோகிராமை முதலில் எழுதியவள் அவள்; எழுதிய புரோகிராம்களின் கோப்புகளையெல்லாம் பெயரிட்டு அடுக்கிக் காப்பவளும் அவள்தான். அவள் போட்ட சட்டம் இது: முதலில் எழுதியவர் பெயர்தான் கோப்பில் நிற்கும், பிறகு யார் மாற்றினாலும் எண் மட்டும் கூடும். "புள்ளைக்குச் சட்டை மாத்துறவன் பேரையெல்லாம் புள்ளைக்கு வெக்க முடியுமா?" என்பாள். மாற்றியவன் யாரென்று தெரிய வேண்டாமா என்று வெலிங்டன் அவளோடு எத்தனையோ முறை மல்லுக்கு நின்றிருக்கிறான்.

பனியன்காரன் திரையில் கடைசிக் கோப்பின் பெயரைப் படித்தான்.

"கேட், நார்சிசா, பதினாலு. யாருடி நார்சிசா?"

அறையில் இருந்த ஒரே பெண் அவள்தான். தடியன் அவள் முடியைப் பிடித்து இழுத்து, முகத்தை மேசை விளிம்பில் மோதி, மண்டியிட வைத்தான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்துவிடலாம் என்று வெலிங்டனுக்கு ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் கத்தினான்.

"நான்தான்! அவங்களை விடுங்க! அது ஆரம்பிச்சவங்க பேரு. பதினாலாவதா மாத்தினது நான்!"

பனியன்காரன் சிரித்தான். "செஞ்சவனை விட்டுட்டு ஆரம்பிச்சவ பேரைப் போடுவாங்களா? எந்தக் கிறுக்கன்டா அப்படி வெப்பான்? பெரிய ஹீரோவா நீ?"

"சத்தியமா! அக்கா, உங்க சட்டம்தானே, சொல்லுங்க அக்கா!"

நார்சிசா கிழிந்த உதட்டோடு அவனைப் பார்த்தாள். எப்போதும் திட்டுவதற்கு முன் பார்க்கும் அதே பார்வை.

"எனக்காகப் பொய் சொல்றான். ஒழுங்கா சூப்பு வாங்கிட்டு வரத் தெரியாத பய, கேட்டை மாத்திட்டானாம்! பேரு யாருதோ அவதான் மாத்தினா. நான்தான்."

"அக்கா!"

"வாயை மூடு, வெலிங்டன்."

இரண்டு முறை சுட்டார்கள். தடுக்கப் பாய்ந்த வெலிங்டனின் விலாவில் தடியன் எலும்பு முறிய உதைத்துவிட்டுப் போனான். வெலிங்டன் தவழ்ந்து போய் அவள் நெஞ்சைக் கைகளால் பொத்தினான். விரலிடுக்கில் இரத்தம் கொப்பளித்தது, பிறகு அதுவும் நின்றது. "நான்தான் அக்கா" என்று அவள் காதில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

போலீஸ்காரர் வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, திரையில் இருந்த பெயரைப் பார்த்தார். இவர் எழுதிக்கொள்வதெல்லாம் சாயங்காலத்துக்குள் அந்த ஆட்களின் காதுக்குப் போய்விடும். ஊருக்கே தெரிந்த விஷயம்.

"இந்தம்மாதான் மாத்தினதா?"

வெலிங்டன் அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஆமா," என்றான்.