பதினொரு நொடி மௌனம்

மார்ச் பதினெட்டாம் தேதி காலை 6.40 மணிக்கு, நகரப் பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவில் அறுபத்தேழு வயதுப் பெண்மணி ஒருவர் நினைவின்றிச் சேர்க்கப்பட்டார். ரத்தச் சர்க்கரை 612.

"எத்தனை நாளா இன்சுலின் போடல?" என்று டாக்டர் கேட்டபோது மகளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. பன்னிரண்டு வருடமாக அம்மா ஒரு வேளை தவறியதில்லை. மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குப் போனவள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கதவுத் தட்டில் மூன்று இன்சுலின் பேனாக்கள், மூடி கழற்றாமல். கீழே அம்மா கையெழுத்தில் ஒரு சீட்டு: 'இனி வேண்டாம். பெரியவன் நிகழ்ச்சி, 214.'

பெரியவன் என்பது அவள் அண்ணன். லட்சக்கணக்கானோர் கேட்கும் பாட்காஸ்ட்டை நடத்துகிறவன். அதை வெட்டி ஒட்டித் தயார் செய்கிறவள் அவள். அதனாலேயே அவளுக்கு அவன் வைத்த பெயர் கத்தரி. 214-ஆம் எபிசோடின் விருந்தினர், இன்சுலினே மருந்துக் கம்பெனிகளின் ஏமாற்று என்று மேடைக்கு மேடை முழங்குகிற ஆள். கூப்பிட வேண்டாம் என்று அவள் தலைப்பாடாய் அடித்துக்கொண்டாள். "நான் எப்படி மடக்குறேன்னு மட்டும் பாரு" என்றான் அண்ணன்.

மடக்கித்தான் இருந்தான். அவள் நேராக ஸ்டூடியோவுக்குப் போய் வெட்டாத பதிவை ஓடவிட்டாள்.

"ஊசிய நிறுத்திட்டு நல்லா இருக்கிற ஒருத்தரையாவது உங்களுக்கு நேர்ல தெரியுமா?"

மௌனம். நாற்காலி கிரீச்சிட்டது. தண்ணீர் விழுங்கும் சத்தம். பதினொரு நொடி கழித்து, "ம்... அது வந்து... நிறைய பேர் இருக்காங்க."

வெளியானதில் கேள்வி முடிந்த மறுகணமே "நிறைய பேர் இருக்காங்க" என்று கணீரென்று வந்தது. ஒரு நொடிக்கு மேல் எந்த மௌனமும் இருக்கக் கூடாது, 'ம்', 'வந்து' எல்லாம் போயாக வேண்டும் என்பது அவர்கள் ஸ்டூடியோ வழக்கம். கேட்கிறவர்கள் அலுத்து வேறு நிகழ்ச்சிக்குத் தாவிவிடக் கூடாதே. அந்த ஆளின் திணறலைத் தன் கையாலேயே துடைத்துப் பளிச்சென்று ஆக்கியிருந்தாள்.

மருத்துவமனை நடையில் அண்ணன் நின்றிருந்தான். ஃப்ரிட்ஜில் கண்ட சீட்டையும் தான் வெட்டிய மௌனத்தையும் சொன்னாள்.

"நான் மைக் குடுத்தேன், அவ்வளவுதான். கேக்கிறவங்களுக்கு மூளை இல்லையா?"

"உள்ள படுத்திருக்கிறது யாருன்னு பாத்துட்டுச் சொல்லு."

"'என்னடா வளவளன்னு பேசறே'ன்னுதானே அம்மா எப்பவும் திட்டுவாங்க? கேக்கறாங்கன்னே எனக்குத் தெரியாது."

"ஒன்னு விடாம கேட்டிருக்காங்கண்ணா."

அவன் சுவரோடு சாய்ந்தான். "தூக்கிடறேன். இப்பவே."

"தூக்காத. அந்தப் பதினொரு நொடியத் திருப்பி வைப்போம். அவன் வாயடைச்சுப்போனத ஜனங்க கேக்கட்டும்."

"உனக்குக் கிறுக்கா, கத்தரி? அது வெளிய கிடக்கிற ஒவ்வொரு மணி நேரமும் இன்னொரு வீட்டு ஃப்ரிட்ஜ்ல..."

அண்ணன் நின்ற இடத்திலேயே ஃபோனில் அந்த எபிசோடை நீக்கினான். அதற்குள் ஒன்பது லட்சம் பேர் கேட்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் அம்மா தெளிந்து எழுந்து உட்கார்ந்தார். அண்ணன் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அந்த எபிசோடையே தூக்கிட்டேம்மா."

"யார்ரா மிரட்டினது உன்னை?"

"யாரும் மிரட்டல. அந்தாளு சொன்னது பொய்மா."

"பொய்னா ஏன் தூக்கணும்? இப்படித் தூக்க வைப்பாங்கன்னு அவர் அன்னிக்கே சொன்னாரே."

மகள் அவசர அவசரமாக வெட்டாத பதிவை ஃபோனில் போட்டாள். அம்மா கண்ணை மூடிக் கேட்டார். மௌனம், நாற்காலி, தண்ணீர், திணறல், எல்லாவற்றையும்.

"பாவம், எவ்வளவு பயந்துபோய் பேசறார் பாரு" என்றார்.



பன்னிரண்டரை மணிக்கு நர்ஸ் ஊசியோடு வந்தார். அம்மா கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். நோயாளி மறுத்துவிட்டதாக நர்ஸ் குறிப்பேட்டில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்திட்டார்.