சிரட்டைக்கு ரெண்டு சொட்டு

என் வீட்டுக்காரர் நூஹுவின் வலது கை அன்றைக்கு அவர் மடியில்தான் கிடந்தது. நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபையில், கிளாமலையைத் தேசியப் பூங்காவுக்குள் சேர்க்க வேண்டும் என்று ஊராட்சித் தலைவியான நான் கொண்டுவந்த தீர்மானம் எண்பத்தாறுக்கு எண்பத்தேழு என்று தோற்றது. ஒரே ஒரு கை! கட்டின புருஷனின் கை எழும்பியிருந்தால் சமமாகி, விஷயத்தைத் தள்ளியாவது வைத்திருக்கலாம். அவரோ கூரையில் ஓடின பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். குலசேகரத்துக்கு மேலே இருக்கும் காட்டைத் தேசியப் பூங்கா ஆக்க அரசாங்கம் யோசிக்கிறது. எங்கள் ஊருக்குப் பின்னால் நிற்கும் கிளாமலை அந்த வரைபடத்தின் ஓரத்தில் வருகிறது. ஊர் வேண்டும் என்றால் உள்ளே, வேண்டாம் என்றால் வெளியே. வெளியே விட்டால் உடைத்து எடுக்க ஒரு குவாரிக் கம்பெனி காத்துக்கொண்டிருக்கிறது. போன வருஷம் சோதனைக்கென்று இரண்டே இரண்டு வெடி வைத்தார்கள். அடிவாரத்தில் ரப்பர் பால் வெட்டும் அஜிதாவின் வீட்டுச் சுவர் மேலிருந்து கீழ்வரை கீறல் விட்டுவிட்டது. எங்கள் குடிதண்ணீர்த் தொட்டிக்கு வரும் ஓடை ஒரு வாரம் சுண்ணாம்பு கலக்கியதுபோல் வந்தது. நூறு வெடி வைத்தால் என்ன மிஞ்சும்?

கட்சிக்காரர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஒரே கட்சி நாகர்கோவிலில் பூங்கா வேண்டும் என்று போஸ்டர் ஒட்டியது, குலசேகரத்தில் வேண்டாம் என்று ஒட்டியது. இரண்டிலும் அதே தலைவர், அதே சிரிப்பு.

எங்கள் ஊரில் எதிர்ப்புக்குத் தலைவன் ஆன்றோ. அவனிடம் ஆறு லாரி இருக்கிறது. குவாரி வந்தால் ஆறு பன்னிரண்டாகும். அதை வாய் திறந்து சொல்வானா? "பூங்கா வந்தா உங்க ரப்பரை எல்லாம் ஃபாரஸ்ட்டுக்காரன் புடிச்சிருவான்" என்று கிளப்பிவிட்டான். எல்லைக்கோடு கடைசி ரப்பர் மரத்துக்கும் மேலேதான் போகிறது என்று வரைபடத்தை வீடு வீடாக விரித்துக் காட்டினேன். பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் நூஹுவின் கடைக்குப் போய், "உம்ம பெண்டாட்டி தீர்மானம் ஜெயிச்சா நாங்க ஷீட்டைக் கொண்டு வேற கடையில போடுவோம், கேட்டீரா" என்று மிரட்டினார்கள். அவர் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற ஆள், ஊருக்கெல்லாம் 'காக்கா', அதாவது அண்ணன். அதனால்தான் கை மடியில் கிடந்தது. காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தால் கோபம் வராதா?

மறுநாளிலிருந்து வீட்டில் கஞ்சியும் பயறும்தான். நான் கடற்கரைத் தேங்காய்ப்பட்டணத்துக்காரி, என் அடுப்பில் மீன் வேகாமல் ஒரு நாள் போனதில்லை. மூன்றாம் நாள் அவர் மெல்லக் கேட்டார்.

"ஏட்டி, சந்தையில மீனே வரல்லியா?"

"வந்துச்சு. வாங்குகதுக்குத்தான் கை எழும்பல்ல."

அவர் பயறை அள்ளிக் கஞ்சியில் போட்டுக்கொண்டார்.

ஆனால் நியாயமாகச் சொன்னால், தோற்றதற்கு அவர் கை மட்டும் காரணமில்லை. எங்கள் பக்கம் நின்றவர்களில் பெரும்பாலோர் பால் வெட்டும் பெண்கள். விடியுமுன் போய் மரப்பட்டையைக் கீறி, பால் வடிய மரத்தில் கட்டியிருக்கும் தேங்காய்ச் சிரட்டையை நிமிர்த்தி வைத்துவிட்டு வருவார்கள். பால் சொட்டி நிறைய ரெண்டு மணி நேரம் ஆகும். சாப்பாடு, குளியல், கிராம சபை எல்லாம் அந்த இடைவேளையில்தான். பத்தரைக்குள் திரும்பிப் போய்ப் பாலை எடுத்துவிட வேண்டும். பிந்தினால் சிரட்டையிலேயே உறைந்து கட்டியாகிவிடும், தகடாக ஷீட் அடிக்க முடியாது, அன்றைய பாடு வீண். கூட்டமோ ஒன்பது மணிக்கென்று மேலிடத்து உத்தரவு. பேச விரும்புகிறவர்கள் எல்லாரும் பேசி முடித்த பிறகுதான் கை தூக்கல் என்று மேற்பார்வைக்கு வந்த அதிகாரி சொல்லிவிட்டார். ஆன்றோ ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினான். ரப்பர் நட்ட அவன் தாத்தாவில் தொடங்கி, தாத்தாவின் காளை மாடு வரை வந்தான். பத்தே காலுக்குப் பெண்கள் ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். ஐம்பது பேராவது இருக்கும். கடைசி ஆள் வாசலைத் தாண்டியதும் ஆன்றோ "நன்றி, வணக்கம்" என்று உட்கார்ந்தான். பாவி!

நவம்பர் ஒன்றாம் தேதி கிராம சபைதான் கடைசி வாய்ப்பு. அதற்குப் பிறகு கோப்பு சென்னைக்குப் போய்விடும். நான் தூக்கம் கெட்டுப்போய்த் திரிந்தேன். பெண்களிடம் ஒரு நாள் பால்வெட்டை விடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மத்தியானமானால் மழை பிடித்துக்கொள்கிற மாதம். பாதி நாள் விடிகாலையிலும் மழை, வெட்டே நடக்கவில்லை. கிடைக்கிற ஒரு நாளை எப்படி விடச் சொல்வது?

முந்தின நாள் இரவு நூஹு கண் சிவந்து வீட்டுக்கு வந்தார்.

"என்ன, அழுதியளா?" என்றேன். ஒரு மாதத்தில் நான் அவரிடம் கேட்ட மூன்றாவது கேள்வி அது.

"ஒண்ணுமில்ல. கடையில சரக்கு இறக்கினேன்" என்று சொல்லிவிட்டுக் கஞ்சியைக் குடித்தார்.

கூட்டம் சமுதாயக் கூடத்தில். நல்ல வெயில். பெண்கள் வெட்டு முடிந்து நேராக வந்து வலப்பக்கம் உட்கார்ந்தார்கள். இடப்பக்கம் ஆன்றோவின் ஆட்கள். நூஹு கடைசி வரிசையில் தன் கடைக்கு ஷீட் போடுகிறவர்களுக்கு நடுவில் இருந்தார். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்கவில்லை.

தீர்மானத்தை வாசித்தேன். ஆன்றோ எழுந்தான். கையில் முப்பது பக்கம் இருக்கும். பக்கத்தில் ரெண்டு பாட்டில் தண்ணீர் வேறு.

"அம்மமாரே, அக்கா தங்கச்சிமாரே, எனக்க தாத்தா இந்த மண்ணுக்கு வரும்பம்..." என்று தொடங்கினான். காளை மாடு வருவதற்குள் மணி பத்து ஆகிவிட்டது. பத்தே கால். நான் சுவர்க் கடிகாரத்தையும் பெண்களையும் மாறி மாறிப் பார்த்தேன். இப்போது எழுவார்கள், இதோ எழுந்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒருத்தியும் அசையவில்லை. பத்தரை. அஜிதா சம்மணம் போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். இன்னொருத்தி பையிலிருந்து அவித்த மரச்சீனிக் கிழங்கை எடுத்துப் பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பங்கு வைத்தாள்.

ஆன்றோவின் குரல் உடையத் தொடங்கியது. முப்பது பக்கமும் தீர்ந்து, முதல் பக்கத்தை மறுபடியும் எடுத்தான். பத்தே முக்கால் ஆனதும் அவனால் பொறுக்க முடியவில்லை.

"பிள்ளையளே, உங்களுக்குப் பாலெடுக்கப் போகண்டாமா? உறஞ்சி போவாதா?"

"எங்க பாலைப் பத்தி உனக்கென்ன அண்ணா இவ்வளவு கவல? நீ மாட்டுக் கதையைச் சொல்லு, நல்லாயிருக்கு" என்றாள் அஜிதா. கூடமே சிரித்தது.

எனக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. தண்ணீர் கொடுக்கிற சாக்கில் அஜிதாவின் பக்கத்தில் போய்க் குனிந்தேன். அப்போதுதான் அந்த நெடி மூக்கில் ஏறியது. பெண்கள் எல்லார் கையிலும் அமோனியா நெடி.

"என்ன பிள்ளே இது?"

"நேத்து சாயங்காலம் நூஹு காக்கா எங்களைக் கடைக்கு விளிச்சு ஆளுக்கொரு குப்பி அமோனியா கலக்கித் தந்தாரு அக்கா. சிரட்டைக்கு ரெண்டு சொட்டு. மத்தியானம் வரைக்கும் பால் உறையாது. ஷீட் அடிக்கும்பம் உறைய வைக்க ஆசிட் கொஞ்சம் கூடுதல் ஊத்தணும், அவ்வளவுதான்."

"எங்க வீட்டுக்காரரா?"

"பின்னே? போன வாரம் எங்க வீட்டுக்கு வந்து, உனக்க சுவரைக் காட்டு பிள்ளேன்னாரு. கீறலுக்குள்ள கையை விட்டுப் பாத்தாரு. மணிக்கட்டு வரைக்கும் போச்சு. வெளிய வந்து ஓடைத் தண்ணியில முகம் கழுவிட்டுப் போனாரு."

ஒரு மாதமாக அந்த மனுஷனுக்குக் கஞ்சி ஊற்றியிருக்கிறேனே என்று இருந்தது. சொல்லித் தொலைத்திருக்கலாம் அல்லவா? அதற்கும் ஒரு கோபம் வந்தது.

ஆன்றோவும் இதற்குள் மோப்பம் பிடித்துவிட்டான். அவனும் ரப்பர்க்காரன்தானே! ரெண்டு தடவை மூக்கை உறிஞ்சினான். பெண்களைப் பார்த்தான், கடைசி வரிசையில் நூஹுவைப் பார்த்தான். கையில் இருந்த காகிதத்தை மடித்தான். "சதிச்சிட்டீரே ஓய்" என்றான். அதுவும் பாதிக் காற்றாகத்தான் வந்தது. தாத்தாவும் மாடும் பாதி வழியில் நிற்க, அவன் நாற்காலியில் விழுந்தான்.

மணி பதினொன்று. "ஆதரவா உள்ளவங்க கை தூக்குங்க" என்றேன்.

வலப்பக்கம் மொத்தமும் எழும்பியது. நடுவில் சந்தேகத்தோடு இருந்தவர்களில் சிலரும் தூக்கினார்கள். எங்கள் ஊராட்சிச் செயலர் ஜெனோ வரிசை வரிசையாக எண்ணிக்கொண்டே போனான். நூற்று முப்பது தாண்டியபோதே ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்துவிட்டது. பெண்கள் சிரட்டையைத் தேடி ஓடத் தயாராகச் சேலையைச் செருகினார்கள். கடைசி வரிசைக்குப் போன ஜெனோ மட்டும் அங்கேயே நின்றுவிட்டான்.

"காக்கா, ஒருத்தருக்கு ஒரு கைதான்."

எட்டிப் பார்த்தேன். தன்னை மிரட்டிப் போன அத்தனை பேருக்கும் நடுவில் நூஹு எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

"தெரியும் மக்கா" என்றார் அவர். "இது இன்னைக்குள்ளது. மத்தது அக்டோபர் ரெண்டாம் தேதிக்குள்ளது. பிந்திப்போச்சு, உங்க பிரசிடெண்டு ஏத்துக்கிடுவாளான்னு கேட்டுச் சொல்லு."

கூடம் முழுக்கச் சிரிப்பு. ஆன்றோகூடச் சத்தமில்லாமல் சிரித்தான். ஜெனோ என்னைத் திரும்பிப் பார்த்தான். எல்லாருமே என்னைத்தான் பார்த்தார்கள்.

"ஒண்ணை எழுது" என்றேன். "மத்ததை நான் வீட்டுல வச்சு எண்ணிக்கிடுகேன்."

என் கண்ணில் தண்ணீர் வழிந்தது. அமோனியா நெடி தாங்கவில்லை என்று மேற்பார்வை அதிகாரியிடம் சொல்லிவிட்டு, மீன்காரன் போவதற்குள் சந்தைக்கு ஆள் அனுப்பினேன்.