வெட்டுத் துணிக் கூடையில் உட்கார்ந்தவள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் பிறக்கவில்லை. நான் செய்த ஒரு திருட்டு வேலையில் பிறந்தது. ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். 'தாய்மை என்பது' (அடித்துவிட்டேன். கோழிக்கே சிரிப்பு வரும்.) 'ஒரு ஊரில் ஒரு' (ஊரே வேண்டாம்.) சரி, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் கீழ்வீட்டுத் தையல்காரி ஒரு கோழி வளர்க்கிறாள். அது அவளுடைய வெட்டுத் துணிக் கூடையில், முட்டையே இல்லாமல் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. நாளைக்குப் பத்துத் தடவை தூக்கி வெளியே விட்டாள். குளிர்ந்த தண்ணீரில் வயிற்றை முக்கினாள். கம்பி வலைக் கூண்டில் மூன்று நாள் போட்டு வைத்தாள். திறந்துவிட்டதும் மகாராணி நேரே கூடைக்குப் போய், அங்கே கிடந்த நூல்கண்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள். தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

2

தையல்காரியின் கணவர் பஸ் டிரைவர். முதல் பிரதியில் அவரை மீசை முறுக்கும் வில்லனாக எழுதியிருந்தேன். (மீசையே கிடையாது. மன்னிக்கவும்.) கோழி நாளுக்கு நாள் இளைப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவர் கெடு வைத்தார்.

"பட்டினி கெடந்து சாகறத என்னால பாக்க முடியாது. ஞாயித்துக்கிழமைக்குள்ள எந்திரிக்கலன்னா சட்டிதான்."

அன்று தையல்காரி ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துவிட்டாள்.

3

எழுதுகிறவளுக்குக் கை சும்மா இருக்குமா? சனிக்கிழமை அவள் என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே போன நேரம், கடையில் வாங்கிய நாலு முட்டையை நைசாகக் கோழிக்கு அடியில் தள்ளினேன். அது கொத்திய வடு இன்னும் இருக்கிறது.

திட்டம் பலித்தது. தேவைக்கு மேலேயே பலித்தது. முட்டையைப் பார்த்த டிரைவர் பின்தெருச் சேவல்மேல் பழியைப் போட்டு, இருபத்தொரு நாள் எண்ணிக் காலண்டரில் வட்டம் போட்டார். குஞ்சு வந்தால் கோழி பிழைத்தது, வராவிட்டால் சட்டி.

(கடை முட்டை பொரிக்காது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சும்மா இருங்கள். எனக்கு அது பத்தாம் நாள்தான் தெரிந்தது.)

4

முடிவு ஒன்று: முட்டை அதிசயமாகப் பொரிக்கிறது. (உங்களை அவ்வளவு ஏமாளியாக நான் நினைக்கவில்லை.)

முடிவு இரண்டு: நான் டிரைவரிடம் போய் உண்மையை (தைரியம் போதவில்லை.)

நடந்தது இதுதான். வட்டம் போட்ட நாளன்று, பண்ணையில் நாலு குஞ்சு வாங்கிச் செருப்புப் பெட்டியில் மறைத்துக்கொண்டு போனேன். கோழிக்கு அடியில் கையை விட்டபோது, கழுத்தில் அளவு நாடாவோடு பின்னால் வந்து நின்றாள் தையல்காரி.

"முட்டையில கடை முத்திரை இருந்துச்சுக்கா. அவரு கண்ணுல படறதுக்குள்ள நான்தான் ஈரத்துணியால தொடச்சேன்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அதற்குள் வாசலில் டிரைவர். வேலை நேரத்தில் இந்த மனுஷன் வீட்டுக்கு வந்ததே கிடையாது. எங்களைப் பார்த்ததும் சாப்பாட்டுப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

பைக்குள்ளிருந்து கீச் கீச்சென்று சத்தம் கேட்டது.

மூன்று பேரும் திருதிருவென்று முழிக்கிறோம். கோழி எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. பெட்டிப் பக்கம் ஒரு தரம், பைப் பக்கம் ஒரு தரம் தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு, யாரும் தூக்காமல், தானே கூடையை விட்டு எழுந்தது.

யார் முதலில் பேசுவது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் குஞ்சுகளுக்குத் தண்ணீர் வைக்கப் போகிறேன்.