ஒரு கிளாஸ் ஏரித் தண்ணீர்

புருஷன் வண்டியை வாங்கி வந்த அன்றைக்கே அதற்குள் தலையை விட்டு ஒரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. அவள் பார்க்கவில்லை. வெளியில் நின்று வெள்ளை வெளேரென்ற பெயின்டையும் ஜன்னலுக்கு ஜன்னல் பூப்போட்ட திரையையும் பார்த்துவிட்டு, சரி, மனுஷன் ஏதோ ஆசைப்படுகிறார் என்று விட்டுவிட்டாள். இப்போது அந்த ஆசைக்குள்ளேயே படுத்து எழுந்து சமைத்துப் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கேரவன் என்று பெயர்தான் பெரிய பெயர். படுக்கையை விரித்தால் அடுப்படி மறைந்துவிடும், அடுப்பு வேண்டுமானால் படுக்கையைச் சுருட்ட வேண்டும். இரண்டுக்கும் நடுவில், ஒரு பிளாஸ்டிக் கதவுக்கு அந்தப் பக்கம், கக்கூஸ்.

நாற்றம் அவளுக்குப் புதிதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டுக்குத் தலைமை நர்ஸ் அவள். பெட்பேன் எடுப்பதும் வாந்தி துடைப்பதும் சீழ் பிடித்த புண்ணைக் கழுவுவதும் அவளுக்குத் தினப்படி வேலை. நோயாளியின் முகத்துக்கு நேரே ஒரு நாளும் மூக்கைச் சுளித்ததில்லை. சுளிக்கிற புதுப் பெண்களை, "நாளைக்கு நீயும் நானும் இப்படித்தாண்டி படுத்திருப்போம்" என்று அதட்டுவாள். அப்படிப்பட்டவளுக்கே இந்த வண்டிக்குள் மூக்கு தானாகச் சுளித்தது.

கிளம்பின அன்று புருஷன் ஒரு சட்டம் போட்டார். "இந்த கக்கூஸ் சின்னதுக்கு மட்டும்தான். பெரிசுக்கெல்லாம் வழியில பெட்ரோல் பங்க் இருக்கு. தொட்டி சீக்கிரம் நிறைஞ்சுரக் கூடாது பாருங்க." பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கிடங்கு மேலாளர் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். சிநேகிதர்கள் 'ஊர்சுற்றி' என்று பட்டம் வைத்திருந்தார்கள், அதைக் கேட்டால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக அந்தப் பிளாஸ்டிக் கதவுக்குள் முதலில் போய் அரை மணி நேரம் உட்கார்ந்தவரும் அவர்தான். ஊருக்குத்தானே உபதேசம்! அவருக்குப் பின்னால், கூட வந்திருந்த அவருடைய அக்கா போனாள். தம்பி செய்தால் அது சட்டத்துக்குள்ளேதான் இருக்கும் என்பது நாத்தனாரின் நம்பிக்கை.

நாத்தனாரையும் சும்மா சொல்லக் கூடாது. சாப்பிடுகிற மேஜை மேலேயே காலைத் தூக்கி வைத்து நகம் வெட்டுவாள். வெட்டின நகம் ரொட்டிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் கிடக்கும். "அண்ணி, அதைக் கொஞ்சம் வெளியில வெச்சு வெட்டலாமே" என்று சொன்னால், "ஆஸ்பத்திரியில இல்லாத அழுக்கா ஏம்மா?" என்று சிரிப்பாள். அவள் சிரித்தால் தம்பியும் சிரிப்பார். ஒரே துண்டில் முகம் துடைத்து, காலைத் துடைத்து, அதே துண்டால் தம்ளரையும் துடைத்து வைக்கிற வம்சம்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் இருந்தது. இந்தப் பயணம் வெறும் சுற்றுலா அல்ல, வெள்ளோட்டம். வீட்டை விற்றுவிட்டு, அவளும் வேலையை விட்டுவிட்டு, இரண்டு பேரும் இனி இந்த வண்டியிலேயே காலம் தள்ளுவது என்று புருஷன் தீர்மானித்திருந்தார். வீடு அவள் பெயரில் இருந்தது. வருஷக்கணக்காக ராத்திரி டூட்டி பார்த்து எழுப்பின வீடு. கொல்லைப்புறத்தில் அவள் கையால் நட்ட எலுமிச்சை இப்போதுதான் காய்க்க ஆரம்பித்திருந்தது. திங்கட்கிழமை வாங்குகிற ஆள் வருவதாக ஏற்பாடு. அவள் ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் முடிந்தது. "ஊர் திரும்பினதும் சொல்றேன்" என்று அவள் தவணை வாங்கியிருந்தாள். பாவி மனுஷன் இத்தனை ஆசையாகக் கேட்கிறாரே என்கிற இரக்கம் பாதி, நாமும்தான் என்ன கண்டோம் என்கிற சபலம் பாதி. சொல்லப்போனால் சரி என்கிற வார்த்தை நாக்கு நுனிக்கே வந்திருந்தது.

ஏனென்றால் வெளியே பார்த்தால் அழகு கொள்ளை கொண்டது. மலைச் சரிவெல்லாம் மஞ்சள் பூ, வளைவுக்கு வளைவு ஒரு பள்ளத்தாக்கு, மேகம் வந்து கண்ணாடியைத் தடவிவிட்டுப் போயிற்று. ஆனால் இறங்கிக் கிட்டத்தில் போனால் போதும், மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியதுதான். அருவிக்குக் கீழே பாறை இடுக்கெல்லாம் குழந்தைகளுக்குக் கட்டிக் கழற்றிப்போட்ட டயப்பர். ராஜாவின் கோட்டையில் படை வீரர்கள் ஒளிந்து நின்ற மாடத்துக்குள் எட்டிப் பார்த்தால் மூத்திர வாடை முகத்தில் அறைந்தது. பளிங்குத் தூணில் யாரோ ஒரு கிறுக்கன் தன் காதலைக் கத்தியால் செதுக்கி வைத்திருந்தான். "சீச்சீ, என்ன ஜென்மங்களோ! சரித்திரத்தோட மதிப்பு தெரியாத கூட்டம்" என்று புருஷன் தலையில் அடித்துக்கொண்டார். அவர் அப்படிக் கோபப்பட்டது அவளுக்குப் பிடித்திருந்தது. அந்தக் கோபத்தை நம்பித்தான் அவள் பாதி மனசு சாய்ந்தது.

மலை ஏறும்போதே கக்கூஸ் தொட்டி நிறைந்துவிட்டதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த மாதிரி வண்டிகள் கழிவை இறக்குவதற்கென்று அடிவாரத்தில் ஒரு இடம் இருந்தது. அங்கே நீளமாக வரிசை நின்றது. "இந்த வரிசையில நின்னா சூரியன் மறையறதைப் பாக்க முடியாது, அப்புறம் பாத்துக்கலாம்" என்று புருஷன் வண்டியைத் திருப்பிவிட்டார். பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் தொட்டிக்குள் களக் களக் என்று சத்தம் கேட்டது. அவள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டாள்.

மலை உச்சியில் ஏரி. எந்தக் காலத்திலோ ஒரு ராணி வெட்டினது. கரை முழுக்கக் கல் படிக்கட்டு, நடுவில் ஒரு மண்டபம், தண்ணீர் கண்ணாடி. வாசலில் இருந்த பலகையைப் புருஷன் இரண்டு பேரையும் நிற்க வைத்து சத்தமாகப் படித்தார்.

"இன்னிக்கு வரைக்கும் கீழ இருக்கிற ஊருக்கெல்லாம் இந்த ஏரிதான் குடிதண்ணியாம். மோட்டார் இல்ல, ஒண்ணும் இல்ல, குழாய் போட்டு நேரா இறங்குது. எப்படிப்பட்ட மூளை பாரு! கும்பிடணும் அந்த ராணியை."

நாத்தனார் நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டாள்.

ராத்திரி ஏரிக்கரையிலேயே வண்டியை நிறுத்திப் படுத்தார்கள். மறுநாள் காலையில், நன்றாக விடிவதற்கு முன், வண்டிக்கு அடியில் ஏதோ கடகடத்த சத்தத்தில் அவள் முழித்துக்கொண்டாள். திரையை விலக்கிப் பார்த்தாள். வண்டியின் பின்பக்கம் ஏரியைப் பார்த்து நின்றது. புருஷன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, தடிமனான குழாய் ஒன்றைக் கல் படிக்கட்டு வழியாக இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் விட்டார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு திரும்பி வந்து வால்வைத் திறந்தார். கண்ணாடியாக இருந்த தண்ணீரில் பழுப்பாக ஒன்று கிளம்பி, சாவகாசமாக மண்டபத்தைப் பார்த்துப் பரவியது.

எத்தனையோ பேருடைய மலத்தை அள்ளினவள், ஒரு நாளும் இப்படி அருவருத்ததில்லை. அடப்பாவி, அடப்பாவி என்று உதடு மட்டும் அசைந்தது. கத்தியிருக்க வேண்டும். கத்த வாய் வரவில்லை. இருபது வருஷமாகப் பக்கத்தில் படுத்த ஆளைப் புதிதாகப் பார்க்கிறோமே என்கிற கூச்சமோ, என்ன இழவோ!

டீ போடும்போது மட்டும் கேட்டாள்: "தொட்டி என்ன ஆச்சுங்க? விளக்கு எரியலையே?"

"அதுவா? நீங்க தூங்கிட்டிருந்தீங்க. வாசல் கேட்டுக்குப் பக்கத்திலேயே இறக்குற இடம் இருக்கு. போய் சுத்தமா காலி பண்ணிட்டு வந்துட்டேன்." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, ரொட்டியை டீயில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். அந்தக் கையைப் பார்க்க அவளுக்குச் சகிக்கவில்லை.

கீழே இறங்குகிற வழியெல்லாம், முதல் ஊரில் வண்டி நின்றதும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தாள். ஊர் வந்தது. சின்னக் கடைத்தெரு, ஒரு பள்ளிக்கூடம், முச்சந்தியில் பொதுக் குழாய். குடத்தோடு நின்ற ஒருத்தி, பெரிய வண்டியைப் பார்த்துச் சிரித்தாள். தாகம் என்று முதலில் குதித்து இறங்கினவள் நாத்தனார். இவள் பின்னாலேயே ஓடி இறங்குவதற்குள், குழாய்க்காரி நீட்டின கிளாஸை நாத்தனார் ஒரே மூச்சில் காலி பண்ணிவிட்டு இன்னொன்றும் வாங்கிக் குடித்துவிட்டாள்.

"அமிர்தமா இருக்கு! தம்பி, வந்து குடிச்சுப் பாரு."

"ஏரித் தண்ணிங்க" என்றாள் குழாய்க்காரி பெருமையாக. "இதைக் குடிச்சவங்க வேற தண்ணி குடிக்க மாட்டாங்க. நீங்களும் குடிங்கக்கா." கிளாஸை நிறைத்து அவள் கையில் கொடுத்தாள்.

அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் வண்டிக் கதவில் கை வைத்தபடி நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"நீங்க குடிக்கலையா?"

"எனக்குத் தாகம் இல்ல."

"எனக்கு இருக்கு" என்றாள் அவள்.

கிளாஸை மெதுவாக உயர்த்தினாள். அவசரமே படவில்லை. ஒரு வார்த்தை போதும். வேண்டாம் என்றுகூடச் சொல்ல வேண்டாம், தட்டிவிட்டால் போதும், ஒரு பொய்யைச் சொல்லியாவது தடுத்தால் போதும், வீட்டையும் வேலையையும் மன்னிப்பையும் சேர்த்து அந்த இடத்திலேயே கொடுத்துவிட்டிருப்பாள். கிளாஸ் உதட்டில் பட்டது. கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்தாள். அவரும் பார்த்தார், ஒரு நொடி. பிறகு செல்போனை எடுத்து மலையைப் படம் பிடிக்கத் திரும்பிக்கொண்டார்.

தூ! இதற்கு அந்தத் தொட்டி எவ்வளவோ தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

கிளாஸை இறக்கினாள். இப்போது வாய் வந்துவிட்டது.

"தங்கச்சி, குழாயை மூடு. யாரும் குடிக்காதீங்க. காலையில இவரு வண்டி கக்கூஸ் தொட்டியை ஏரியில திறந்து விட்டாரு. நான் என் கண்ணால பாத்தேன். பாத்த உடனே சொல்லாதது என் தப்பு."

குழாய்க்காரி சிரித்த முகம் அப்படியே நின்றது. "காலையிலயா?" என்றாள். "பிள்ளைங்கல்லாம் பாட்டில்ல பிடிச்சுக்கிட்டு இப்பத்தானே பள்ளிக்கூடம் போச்சுங்க."

நாத்தனார் சாக்கடை ஓரமாகக் குனிந்து உவாக் உவாக் என்று எடுக்க ஆரம்பித்தாள். நடுவில் தலையைத் தூக்கி, "தம்பி, இவ சொல்றது பொய்தானே? நான் ரெண்டு கிளாஸ் குடிச்சேன்டா, பாத்துக்கிட்டுத்தானே நின்ன?" என்று கேட்டாள்.

புருஷன் பதறிக்கொண்டு வந்தார். "அவ ஏதோ பெரிசுபடுத்துறா. அது எவ்வளவு பெரிய ஏரி! அதுல இத்துனூண்டு விட்டா என்ன ஆயிரும்? கரைஞ்சு காணாமப் போயிரும். ஒண்ணும் ஆகாதும்மா."

கடைத்தெருவில் நின்றவர்கள் ஒவ்வொருவராகக் கிட்டத்தில் வந்தார்கள். குழாய்க்காரி அவளிடமிருந்து கிளாஸை வாங்கி, அவர் முன்னால் நீட்டினாள்.

"ஒண்ணும் ஆகாதுல்ல? அப்ப ஒரு வாய் குடிங்க."

அவர் கிளாஸைப் பார்த்தார். வாங்கக்கூட வாங்கினார். தண்ணீர் தளும்பி விரலெல்லாம் நனைந்தது. நனைந்த விரலைச் சட்டென்று சட்டையில் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்துத்தான் கூட்டத்தில் ஒருவர் காறித் துப்பினார்.

"தண்ணி விடுறவருக்குப் போன் போடுங்க, மேல வால்வை அடைக்கச் சொல்லுங்க" என்றாள் அவள் குழாய்க்காரியிடம். "பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்? நான் நர்ஸு. பிள்ளைங்ககிட்ட இருக்கிற பாட்டிலை முதல்ல வாங்கணும்." வண்டிக்குள் ஏறி, தன் துணிப்பையையும் மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். நாத்தனாரின் கையைப் பிடித்துத் தூக்கி, "நீங்களும் வாங்க அண்ணி" என்றாள். நாத்தனார் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

புருஷன் பின்னாலேயே வந்து காதோடு காதாகச் சொன்னார். "ஊரைக் கூட்டி மானத்தை வாங்காத. வண்டியில ஏறு. எதுவா இருந்தாலும் நம்ம வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்."

"யார் வீட்டுக்கு?" என்று கேட்டாள் அவள்.

பிறகு குழாய்க்காரி காட்டின பக்கமாக நடந்தாள். அந்தக் கிளாஸ் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.