மூன்று நகல்கள் இணைக்கப்பட வேண்டும்

நிவாரண அலுவலகத்தின் இரும்புக் கதவிலிருந்து கிளம்பிய வரிசை, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, மூடிக்கிடந்த வங்கியைத் தாண்டி, திரும்ப அலுவலகத்தின் பின்சுவருக்கே வந்து சேர்ந்திருந்தது. ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இரண்டு கை இடைவெளி வேண்டும் என்பது உத்தரவு. அதனால் அறுபது பேர் நின்றால் அறுநூறு பேர் நிற்பதுபோலத் தெரிந்தது. அந்த நீளத்தைப் பார்த்து மிரண்டு நாலைந்து பேர் திரும்பிப் போய்விட்டதாகவும் பேச்சு.

ஜெராக்ஸக்கா பதினேழாவது ஆள். கடை மூடி ஐம்பத்திரண்டு நாளாகியும் அவள் நகக்கண்ணில் ஏறியிருந்த கறுப்பு மை இறங்கவில்லை. அவளுக்கு முன்னால் தையல்காரர், பின்னால் முடிதிருத்துகிறவர். மூன்று பேர் கடையும் ஒரே தெருவில், ஒரே நாளில், ஒரே பசை வாளியால் நோட்டீஸ் ஒட்டி மூடப்பட்டவை.

"ஏன் மாஸ்டர், தையல் மெஷினுக்கும் காய்ச்சல் வருதாமா? அதை எதுக்குப் பூட்டுனாங்க?" என்றாள்.

"மெஷினுக்கு வராதாம். நான் அளவெடுக்கிறப்ப வருமாம்," என்றார் தையல்காரர். "கிட்டயே போகாம கண்ணாலயே அளவெடுக்கிறேன்னு சொல்லிப் பார்த்தேன். அதுக்கு வேற கேஸ் இருக்குன்னுட்டாங்க."

"உங்க பாடு தேவலை," என்றார் முடிதிருத்துகிறவர். "என் கடைக்கு நோட்டீஸ் ஒட்டுன போலீஸ்காரரை நேத்துப் பார்த்தேன். ரெண்டு மாசமா முடி வெட்டல. தொப்பி தலையில உட்காரவே இல்ல, மேல மிதக்குது. காத்தடிச்சா கூடவே ஓடறாரு."

அக்கா சிரித்தாள். ஆனால் கையிலிருந்த பையை நெஞ்சோடு அணைத்தே வைத்திருந்தாள். அதற்குள் இருந்த மனுவில்தான் அவளுடைய மெஷின் இருந்தது. தவணையில் வாங்கிய மெஷின். மூன்று தவணை நின்றுபோயிருந்தது. மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் வண்டி கொண்டுவந்து தூக்கிவிடுவதாகக் கம்பெனிக்காரன் போனில் சொல்லியிருந்தான். ஊரடங்கில் வண்டி எப்படியப்பா வரும் என்று கேட்டதற்கு, "அத்தியாவசியப் பணின்னு அனுமதிச் சீட்டு வாங்கிட்டோம்க்கா," என்று மரியாதையாகப் பதில் சொன்னான். அரசு தருவதாகச் சொன்ன நிவாரணம் சரியாக மூன்று தவணைக்குக் காணும். ஒரு காசு கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஒன்பதரைக்கு ஜன்னல் திறந்தது. முதல் ஆள் போன வேகத்தில் திரும்பினார். இரண்டாமவரும் அப்படியே. தையல்காரரும் திரும்பி வந்து சுவரோரம் போய்க் குந்திக்கொண்டார்.

அக்கா மனுவை நீட்டினாள். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த எழுத்தர் முகக்கவசத்தைத் தாடைக்கு அணிந்திருந்தார். காகிதத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஜெராக்ஸ் மூணு செட் எங்க?" என்றார்.

"கடையெல்லாம் மூடியிருக்கே சார்."

"மூடியிருக்கிறதுக்குத்தானம்மா நிவாரணம். திறந்திருந்தா எதுக்கு நிவாரணம்?"

"அதில்ல சார். ஜெராக்ஸ் கடையும் மூடியிருக்கு. இந்த வட்டாரத்துக்கே இருக்கிறது என் கடை ஒண்ணுதான். அதுக்குத்தான் நிவாரணம் கேட்டு வந்திருக்கேன்."

எழுத்தர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசனை உள்ளே போய், சுற்றிப் பார்த்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தது. "வேற எங்கயாவது எடுத்துட்டு வாங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

அறையின் மூலையில் நீல உறை போர்த்திய மெஷின் ஒன்று இருந்தது. அதன்மேல் எழுத்தரின் சாப்பாட்டுப் பாத்திரம் உட்கார்ந்திருந்தது.

"அங்க ஒண்ணு இருக்கே சார்."

"அது ஆபீஸ் மெஷின். பொதுமக்களுக்கு இல்ல. அதோட, ஓடாது."

"ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா சார்? பதினொரு வருஷமா உங்க காகிதமெல்லாம் என் கடைக்குத்தானே வருது. எங்க கடைக் கதவுல ஒட்டுனீங்களே, அந்த நோட்டீஸே நான் எடுத்துக் குடுத்ததுதான். நானூறு காப்பி. பில்லு இன்னும் வரல."

"பில் பாஸாகணும்னா அதுக்கும் மூணு செட் வைக்கணும்மா," என்றார் எழுத்தர். அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. "அடுத்து யாரு?"

சுவரோரம் பதினாறு பேர் குந்தியிருந்தார்கள். அக்கா உட்காரவில்லை.

"மாஸ்டர், அசல் எல்லாம் கையில இருக்கா?"

"இருக்கு. அதை வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

"மதியம் ரெண்டு மணிக்கு போலீஸ் வண்டி சாப்பிடப் போயிடும், ஆறு மணி வரைக்கும் இந்தப் பக்கம் வராது. என் கடைக்கு வாங்க. வேணும்ங்கிறவங்க கிட்டயும் சொல்லுங்க. கூட்டமா வேணாம். ஒவ்வொருத்தரா, மருந்து வாங்கப் போற மாதிரி முகத்தை வச்சுக்கிட்டு வாங்க."

"மருந்து வாங்கப் போற முகம் எப்படிக்கா இருக்கும்?" என்றார், அதற்குள் ஜன்னலிலிருந்து திரும்பிவிட்ட முடிதிருத்துகிறவர்.

"கையில காசில்லாத முகம்தான். இப்ப இருக்கிறதே போதும்."

வீட்டில் அவள் கணவர் நாற்காலியில் உட்கார்ந்து டிவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். தொழிற்சாலை உணவகத்தில் சமையல்காரர். இருநூறு பேருக்கு உலை வைத்த கை, இப்போது இரண்டு பேருக்கு வைக்கும்போது அளவு பிடிபடாமல் தினமும் பத்துப் பேர் சாப்பாட்டை ஆக்கி வைத்தது. அரிசி தீர்ந்த பிறகுதான் அளவு சரியானது.

அக்கா சொன்னதைக் கேட்டு டிவியை அணைத்தார். "கேஸ் போட்டுருவாங்கம்மா."

"மெஷின் போயிட்டா கடை திறந்திருந்தா என்ன, மூடியிருந்தா என்ன? தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னங்க?"

அவர் எழுந்து சட்டையைத் தேடினார். "நான் என்ன செய்யணும் சொல்லு."

"பத்துத் தாளுக்கு ஒரு தடவை அது இருமும். இடது பக்கம், விலாவுக்குக் கீழ ஒரு தட்டு தட்டணும். ரொம்பப் பலமாவும் வேணாம், ஏனோதானோன்னும் வேணாம்."

"பதினெட்டு வருஷமா என் முதுகுல வாங்கிட்டிருக்கிற தட்டுதானே. தெரியும்."

இரண்டு மணிக்கு அக்கா ஈரத்துணியால் நோட்டீஸின் ஓரத்தை நனைத்து உரித்தாள். பசை நல்ல பசை. நோட்டீஸ் இரண்டாகக் கிழிந்தது. பூட்டைத் திறந்து, ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, இருவரும் குனிந்து உள்ளே போனார்கள். மெஷின் சூடேற ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டது. அன்றைய முதல் காப்பி அந்த நோட்டீஸ்தான். கிழிசல் தெரியாமல் ஒட்டவைத்து எடுத்ததில் அசலைவிடப் பளிச்சென்று வந்தது. மாலையில் மூடிவிட்டு ஒட்டுவதற்காக அதை ஒதுக்கிவைத்தாள்.

ஷட்டருக்கு அடியில் கைகள் வந்தன. ஊசி குத்திய விரல்கள், சோப்பில் வெளுத்த விரல்கள், கிரீஸ் படிந்தவை. ஒவ்வொரு கையும் அசலை நீட்டியது, மூன்று செட்டை வாங்கிக்கொண்டு மறைந்தது. சிலர் சில்லறை வைத்தார்கள். சிலர் அப்புறம் தருவதாகச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம் போவதும் வருவதுமாக இருந்தது. சூடான காகித வாசனை ஐம்பத்திரண்டு நாளுக்குப் பிறகு அறையில் ஏறியது. கணவர் தட்டினார், முதல் தட்டுக்கு மெஷின் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டது, மூன்றாவதிலிருந்து அவருக்கும் அதற்கும் ஒத்துப்போய்விட்டது. ஆறு மணிக்குள் அறுபத்து மூன்று மனு. கடைசி மனு அவளுடையது.

வெள்ளிக்கிழமை எல்லா மனுவும் ஜன்னலுக்குள் போயின. எழுத்தர் யாரையும் திருப்பி அனுப்பவில்லை. செவ்வாய்க்கிழமை அக்காவை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

மேலதிகாரியின் மேசையில் அறுபத்து மூன்று கட்டுகளும் குப்புறக் கிடந்தன. ஒவ்வொன்றின் கடைசித் தாளின் பின்பக்கத்திலும் ஊதா நிறத்தில் ஒரு வட்ட முத்திரை இருந்தது. அவள் கடையின் பெயர், தெரு, நடுவில் தேதி. வாடிக்கையாளர் மறக்காமல் திரும்பி வருவதற்காகக் கடை தொடங்கிய நாள்முதல் அவள் வைக்கிற முத்திரை.

"இது என்னம்மா?"

அக்கா குனிந்து பார்த்தாள். ஒன்றுகூடக் கோணலாக விழவில்லை.

"கடை ஸ்டாம்பு சார்."

"யார் வச்சது?"

"கை வச்சது சார். ஸ்டேப்ளர் அடிச்சா தாளைத் திருப்பி ஒண்ணு வச்சுடும். பதினொரு வருஷப் பழக்கம். நான் பார்க்கல."

"தேதி?"

"கடை திறந்ததும் முதல் வேலை தேதியை மாத்துறது. அதுவும் கைதான்."

"அப்ப, தடையை மீறிக் கடையைத் திறந்ததை ஒத்துக்கிறீங்க."

"திறக்காம இந்த அறுபத்து மூணும் உங்க மேசைக்கு நடந்தா சார் வந்திருக்கும்?"

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மனுக்கள்ல குறை ஒண்ணும் இல்ல. அறுபத்திரண்டு பேருக்கும் பணம் போகும்."

"அறுபத்து மூணு சார்."

"ஒண்ணு நிராகரிக்கப்படுது. மூடியிருந்த கடைகளுக்குத்தான் நிவாரணம். உங்க கடை திறந்திருந்ததுக்கு உங்க ஸ்டாம்பே சாட்சி."

"நாலு மணி நேரம் சார். அம்பத்திரண்டு நாள் மூடிக் கிடந்துச்சே, அதுக்கு?"

"விதியில மணிக்கணக்கு இல்லம்மா. வேணும்னா ஏழு நாளைக்குள்ள மேல்முறையீடு செய்யலாம்." அவர் தாளைப் பார்த்து வாசித்தார். "மூன்று நகல்கள் இணைக்கப்பட வேண்டும்."

கூரையில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா தன் கட்டை எடுத்து, முதல் தாள் மேலே வரும்படி திருப்பி வைத்தாள்.

"சரி சார். என்ன காரணத்துக்காக நிராகரிச்சீங்கன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"எதுக்கு?"

"ஒட்டுறதுக்கு."

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் ஷட்டரை முழுசாக, சத்தம் தெருக்கோடிவரை கேட்கும்படி தூக்கினாள். நிராகரிப்பு உத்தரவை இரண்டு மடங்கு பெரிதாக்கிக் காப்பி எடுத்து, வாசல் சுவரில் நான்கு மூலைக்கும் பசை தடவி ஒட்டினாள். போகிறவர்கள் நின்று படித்தார்கள். 'மேற்படி கடை தடைக்காலத்தில் திறந்திருந்தது என இவ்வலுவலகம் முடிவு செய்கிறது.' பதினொரு மணிக்கு வரிசை சேர்ந்துவிட்டது. யாருக்கோ மருத்துவமனைச் சீட்டு, யாருக்கோ வீட்டுக்காரர் கேட்ட வாடகைப் பத்திரம். தையல்காரர் இடைவெளியைச் சரிபார்த்தபடி நடந்தார். டேப் இல்லாமல், கண்ணாலேயே.

போலீஸ்காரர் வந்தார். தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

"யாரைக் கேட்டும்மா திறந்தே?"

"அதோ சார், சுவர்ல."

அவர் ஒருமுறை படித்தார். பிறகு விரல் வைத்து இன்னொருமுறை படித்தார்.

"அரசாங்கமே கையெழுத்துப் போட்டு என் கடை திறந்திருக்குன்னு சொல்லியிருக்கு," என்றாள் அக்கா. "நான் மூடி வச்சா அரசாங்கத்தைப் பொய்யாக்குன மாதிரி ஆயிடாதா?"

வரிசையில் யாரோ இருமினார்கள். சிரிப்பை அடக்கிய இருமல். போலீஸ்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கேஸ் எழுதணும்."

"எழுதுங்க சார். ஸ்டூல் போடட்டுமா?"

அவள் கணவர் ஸ்டூலைக் கொண்டுவந்து வைத்தார். போலீஸ்காரர் உட்கார்ந்து, தொடைமேல் அட்டையை வைத்து, தடை மீறல், நோட்டீஸ் ஒட்டிய கடையின் பூட்டைத் திறந்தது, பணியில் இருந்தவரிடம் எதிர்வாதம் என்று ஒவ்வொன்றாக எழுதினார். எழுதி முடித்துக் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கம் அச்சிட்டிருந்த குறிப்பைப் படித்தார். பிறகு மெதுவாக எழுந்தார்.

"எத்தனை செட் சார் வைக்கணும்?" என்றாள் அக்கா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

"மூணு."

"வரிசையில வாங்க. இவங்கெல்லாம் பதினொரு மணிலேருந்து நிக்கிறாங்க."

அவர் வரிசையின் ஓரமாக நடந்து கடைசிக்குப் போனார். வெயில் ஏறியது. முக்கால் மணி நேரம் கழித்து அவர் முறை வந்தது. அக்கா காகிதத்தை வாங்கிக் கண்ணாடிமேல் கவிழ்த்தாள். வெளிச்சம் போய்த் திரும்பியது. மெஷின் இருமியது, கணவர் தட்டினார். மூன்றும் சூடாக வந்து விழுந்தன.

"அரசாங்க வேலைன்னா பில்லு போடுவேன். இனிமே போடுறதில்ல, கைக்காசுதான்," என்றாள்.

போலீஸ்காரர் சட்டைப்பையைத் தடவிச் சில்லறையை எண்ணி வைத்தார். பிறகு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விரலால் காட்டினார். ஒவ்வொரு தாளின் அடியிலும், 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்ற சொல்லுக்கு நேராக, சூடு ஆறாத காகிதத்தில் கை படாமல், அவள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். மூன்றையும் அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சமன்செய்து, அவர் கையில் கொடுத்தாள்.

"அடுத்தவங்க வாங்க," என்றாள். "எத்தனை?"